மீரானுக்குப் போன சம்புடம்

"எங்க உம்மாவைக் கொல்லணும்னா நீங்களே போய்ச் சொல்லுங்க காக்கா. என்னால முடியாது."

"ஏலே சல்மான், கூடப்பொறந்தவன் மவுத்தாகி ஆறு மாசம் ஆச்சுல்லா? வீட்டுல அவன் பேருக்கு ஒரு பாத்திஹா ஓதுனியளா லே?"

"ஓதுனா உம்மாவுக்குத் தெரிஞ்சுரும்லா!"

"அப்போ நான் யாருக்கு இந்தச் சம்புடத்தைச் சுமந்துட்டுப் போறது?"

அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஸமீஹாவின் கை நின்றுவிட்டது. வெளியறையில் சண்டை போட்டவர்கள் அவள் புருஷன் சுஹைலும் பக்கத்து வீட்டு சல்மான் ஃபாரிஸும். நல்லவேளை, நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் சல்மானின் உம்மா மைதீன் பாத்திமா தொழுகையில் இருந்தாள்.

சல்மானின் அண்ணன் அகமது மீரானும் சுஹைலும் மேலப்பாளையத்திலிருந்து ஒன்றாகத்தான் இஸ்கந்தரியாவுக்குப் போனார்கள். எகிப்து தேசத்துத் துறைமுகம். கப்பல் சரக்கு இறக்குகிற வேலை. ஒரு நாள் கிரேன் கம்பி அறுந்து மீரான் மேல் பாரம் விழுந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அப்போது உம்மா நெஞ்சு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கு வரட்டும், சொல்லலாம் என்றான் சல்மான். வந்தாள். உடம்பு தேறட்டும் என்றான். தேறினாள். அப்புறம் அந்தப் பொய்யே பழகிவிட்டது. மீரான் நடுக்கடலில் கப்பல் வேலையில் இருக்கான், போன் எடுக்காது. அவ்வளவுதான்.

நம்ம ஊரில் ஒருத்தர் வெளிநாடு போனால் தெருவே பொட்டலம் கட்டும். அந்தச் சண்டைக்கு முந்தின நாள்தான், லீவு முடிந்து சுஹைல் கிளம்புகிறான் என்றதும் பாத்திமா மாமி முட்டையும் தேங்காய்ப்பாலும் விட்டு ஓட்டுமாவு வறுத்தாள். மகன் பேர் வெட்டின எவர்சில்வர் சம்புடத்தில் அடைத்துக் கொண்டுவந்தாள்.

"அவன் கையிலயே குடு வாப்பா. சம்புடத்தை வெறுசா திருப்பி அனுப்பக் கூடாதுன்னு சொல்லு. எதையாச்சும் போட்டு அனுப்பட்டும், கஞ்சப்பய."

சுஹைல் அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கிப் பெட்டியில் வைத்தான்.

இஸ்கந்தரியாவில் கடல் பக்கம் ஒரு பழைய தோட்டம் இருக்கிறது. எந்தக் காலத்திலோ அந்த ஊர்ப் பிரபு, பாஷா ஒருத்தர் வைத்தது. இப்போது எல்லாரும் போகலாம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தால் நம்ம ஊர்ப் பையன்கள் அங்கே கூடுவார்கள். மூக்குடைந்த சலவைக்கல் சிலைகள், வரிசையாகப் பேரீச்ச மரங்கள், விழுது தொங்கும் ஒரு பெரிய மரம், அதன் அடியில் ஒரு கல் பெஞ்சு. உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ போடுவார்கள். இங்கே அசர் தொழுதுவிட்டு பாத்திமா மாமி வந்துவிடுவாள். "தோட்டம் பாக்க வந்திருக்கேன்ளா" என்று ஸமீஹா தோளோடு தோள் இடித்து உட்காருவாள். மகன் நடந்த பாதையாவது தெரியட்டும் என்று அவளுக்கு.

சுஹைல் போன பிறகு வந்த முதல் வெள்ளியும் வந்தாள்.

திரையில் தோட்டத்து இரும்பு கேட் தெரிந்தது. மரங்கள் மெதுவாக ஆடின. சுஹைல் பெஞ்சில் உட்கார்ந்து போனைச் சிலையின் காலடியில் சாய்த்து வைத்தான்.

"மீரான் வந்தானா வாப்பா?"

"இல்ல மாமி. கப்பல் வரல."

சொல்லும்போதே அவன் வாயோரத்தில் மாவு ஒட்டியிருந்ததை ஸமீஹா பார்த்தாள். மடியில் சம்புடம். தின்றுகொண்டிருக்கிறான் பாவி. குப்பையில் கொட்ட மனசு வராமல் தின்றானோ என்னவோ.

மாமி திடீரென்று திரைக்கு மூக்கை ஒட்டினாள்.

"ஏலே பொய்க்காரா! அந்தா உன் பக்கத்துலதான இருக்கான்."

ஸமீஹா பார்த்தாள்.

பெஞ்சின் அந்தக் கடைசியில் நீல வேலைச்சட்டை போட்ட ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். மரத்து நிழல் பெஞ்சு முழுக்க ஆடியது. அவன் மேல் மட்டும் ஆடவில்லை.

"மச்சான்," என்றாள் ஸமீஹா. "பக்கத்துல யாரு?"

சுஹைல் திரும்பிப் பார்த்தான். "யாருமில்லையே."

பெஞ்சுக் கடைசியில் இருந்தவன் தலையைத் தூக்கினான்.

மீரான்தான். நனைந்த தலைமுடியில் மண். சுஹைலைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த சம்புடத்தையே பார்த்தான். உதடு அசைந்தது.

மாமி சிரித்தாள். ஆறு மாசத்துக்கு அப்புறம் அப்படி ஒரு சிரிப்பு. "எனக்குன்னு குடுத்ததை இவன் திங்கானேன்னு கேக்கான்! குடுத்துரு லே சுஹைலு. எம்புள்ள எப்படி எளைச்சிட்டான் பாரு!"

சம்புடம் கல்லில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. போன் கவிழ்ந்தது.

மாமி போன பிறகு சுஹைல் மறுபடி கூப்பிட்டு மூச்சிரைக்கப் பேசினான். "எனக்கு ஒண்ணும் தெரியல ஸமீ. பக்கத்துல ஈரக்காத்து மட்டும் அடிச்சுது. ஓடி வந்துட்டேன். சம்புடம் அங்கனயேதான் கிடக்கு."

மறுநாள் காலையில் மாமி அதே சம்புடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பின்வாசல்ல இருக்குளா. யாரு கொண்டு வச்சா? ஊருக்கு வந்த பய ஆராச்சும் குடுத்துவிட்டானோ?"

அடியில் மீரான் பேர். மூடியைத் திறந்ததும் கற்பூர வாசனை. மவுத்தானவரைச் சுற்றுகிற கஃபன் துணியில் தூவுகிற அதே வாசனை. அதோடு கடல் உப்பு. தாமிரபரணிக்கரையில் எங்கே இருந்து வரும் கடல்?

உள்ளே ஈர மணல். மூன்று பிடி. ஒவ்வொன்றிலும் பிடித்த விரல்களின் தடம்.

"வெறுசா அனுப்பக் கூடாதுன்னேன், மண்ணைப் போட்டு அனுப்பியிருக்கான் பாரு" என்று மாமி வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

ஸமீஹா சிரிக்கவில்லை. கபுர்க்குழி மூடும்போது சொந்தக்காரன் போடுகிற மூன்று பிடி மண். மீரானுக்கு அதைப் போட ரத்த உறவு ஒருத்தரும் அங்கே இல்லை. அதைத்தான் இப்போது வீட்டாரிடம் கேட்கிறான்.

சல்மானைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் முகம் வெளுத்தது. "உம்மாட்ட மட்டும் சொல்லிராதீய மைனி," என்றான், அப்போதும். மண்ணைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டிவிட்டு, சம்புடத்தைத் தன் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பூட்டி வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை அது பின்வாசலில் இருந்தது. மூன்று பிடி.

அதற்கு அடுத்த சனிக்கிழமையும்.

மாமி ஒவ்வொரு தடவையும் அதைப் பளபளவென்று கழுவி வைக்கிறாள். இப்போது மறுபடி ஓட்டுமாவு வறுக்கிறாள். மகன் இளைத்துப்போனானாம். மாவு வறுபடும் வாசனைக்கு மேலே அந்த வீட்டில் கற்பூரம் மணக்கிறது. மாமிக்கு மட்டும் அது தெரியவில்லை.

படிக்கிற உங்களைத்தான் கேட்கிறேன். சொன்னால் உம்மா தாங்க மாட்டாள். சொல்லாவிட்டால் மகன் அடங்க மாட்டான். அந்த அடுக்களை வாசலில் ஸமீஹா வாயைத் திறப்பதா, மூடுவதா? நாளைக்கும் சனிக்கிழமை. தெரிந்தவர்கள் கீழே பதில் எழுதுங்கள்.