தானே மூடும் கீறல்

காலையில் பிளேடால் கீறி வைத்த இடத்தைச் சாயங்காலம் ருக்மணியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலின் அடியில் அழுத்தமாகத்தான் கீறியிருந்தாள். பிளேடு மறுபக்கம் வந்து மேசைத் தகட்டில் உரசிய சத்தம்கூட நினைவில் இருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து இழுத்தாள். ரப்பர் விரிந்தது, வெளுத்தது, எல்லா ரப்பரையும் போல இழுக்க இழுக்க லேசாகச் சூடானது. கீறலைத்தான் காணோம். கடைசியில், ஓட்டை பார்க்க வழக்கமாகச் செய்வதுபோல, மணிக்கட்டு விளிம்பில் வாயை வைத்து ஊதினாள். ஐந்து விரல்களும் விம்மி நிமிர்ந்தன. காற்று எங்கும் கசியவில்லை. வாயை எடுத்தபோது உதட்டில் ஏதோ ஈரம். நாக்கு தானாக அதைத் தொட்டது. உப்புக் கரித்தது.

வேர்வை.

கொல்லைக் குழாயடிக்கு ஓடி, எச்சில் வற்றும்வரை துப்பினாள்.

காஜா பெராங் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், தமிழ் மறந்து மலாயில் பேசும் மலாக்காச் செட்டிகளின் வீடுகளை ஒட்டி இருந்தது அந்தப் பழைய வீடு. மலாயாவின் சுதந்திர நாளான மெர்டேக்காவைக் கொண்டாடிச் சில வாரங்களே ஆகியிருந்தன. வேலியில் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் ஊறி, சாயம் வழிந்து, கந்தலாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வீட்டை வாடகைக்கு எடுத்து ரப்பர் சோதனைக்கூடமாக மாற்றியிருந்தவர் மீனாட்சிசுந்தரம். செட்டிநாட்டுக் குடும்பம், சீமையில் பௌதிகம் படித்துவிட்டு வந்தவர். அறுவைச் சிகிச்சை நடுவில் கிழியாத கையுறை, கிழிந்தாலும் தானே மூடிக்கொள்ளும் கையுறை, அதுதான் அவருடைய கனவு. முன்னறையில் கணக்கு மிஷினின் கைப்பிடியை நாளெல்லாம் சுற்றிக்கொண்டிருப்பார். அந்தக் கரகரப்பு சுவர் வழியாக வீடு முழுக்கக் கேட்கும்.

ருக்மணி புக்கிட் காதில் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவரின் மகள். அவளுடைய அக்கா பிள்ளை பெற்ற கையோடு காய்ச்சல் கண்டு செத்துப்போனவள். மருத்துவச்சியின் கையிலிருந்து ஏறிய விஷம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதனால்தான் மீனாட்சிசுந்தரம் இந்த வேலையைப் பற்றிச் சொன்னவுடன் அவள் மறுபேச்சுப் பேசவில்லை. கையுறைகளைக் கீறுவது, இழுப்பது, எடை கட்டித் தொங்கவிடுவது, எது எவ்வளவு தாங்கியது என்று அவரிடம் சொல்வது. அவளுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவள் அஞ்சலை. மெர்டேக்கா நாளுக்குப் பிறகு அவள் வரவில்லை. கையில் ஏதோ அரிப்பாம், நின்றுவிட்டாள் என்று மீனாட்சிசுந்தரம் சொல்லியிருந்தார்.

கீறல் மூடிக்கொண்டதைச் சொன்னதும் அவர் மிஷினை நிறுத்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு. ரப்பர் என்பது என்ன என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தார்.

"புட்டு மாயம், அதான் இடியாப்பம், பாத்திருக்கீங்கல்ல? அந்த மாதிரி நீள நீளமா நூலு, ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கிடக்கும். அதுதான் ரப்பர். வெட்டினா நுனி நுனியா நிக்கும். மத்த ரப்பர்ல அந்த நுனி சும்மா கெடக்கும். இதுல சும்மா இருக்கலை. ஜோடி தேடுது."

"ஜோடி கெடைக்கலன்னா ஐயா?"

"கணக்குல அது இன்னும் வரலை," என்றார்.

அந்த வாரத்தில் நாற்றம் தொடங்கியது. ரப்பர் நாற்றம் ருக்மணிக்குப் புதிதல்ல. மரத்தில் கட்டிய மங்குகளில் புளித்த பாலும், புழு நெளியும் கட்டிப்பாலும், மழைநாளில் தோட்டமே அழுகியதுபோல வீசும் வாடையும் அவள் பிறந்ததிலிருந்து மூக்கில் ஏறியவை. இது அதில்லை. பால் கசிந்து காய்ந்த ரவிக்கை, பல நாள் அவிழ்க்காத புண்கட்டு, காய்ச்சல்காரன் படுத்தெழுந்த பாய், இப்படி ஏதோ ஒரு உடம்பின் வாடை. உலர்த்தும் அறையின் கதவைத் திறந்தால் அது முகத்தில் வந்து வெதுவெதுப்பாக மோதும். பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலிக்கு மேலாக எட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு, "பூசோக், பூசோக்" என்று திட்டினாள். எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று மலாயில் கேட்டாள். ருக்மணி தேடிப் பார்த்தாள். எலி இல்லை.

பல்லி இருந்தது.

கொடியில் தொங்கிய பெரிய ரப்பர் சீட்டில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. விரட்டலாம் என்று சீட்டை ஆட்டினாள். நகரவில்லை. கிட்டப்போய்ப் பார்த்தாள். நான்கு கால்களும் ரப்பருக்குள் அமிழ்ந்திருந்தன. வயிறு துடித்துக்கொண்டிருந்தது. அடுத்த நாள் வயிறும் அமிழ்ந்துவிட்டது, முதுகு மட்டும் ஒரு வரம்பு போலத் தெரிந்தது. அதற்கடுத்த நாள் பல்லியே இல்லை. அந்த இடத்தில் சீட்டின் மேல் பொடிப்பொடியாகச் செதில்கள் முளைத்திருந்தன. எங்கிருந்தோ வந்த ஈ ஒன்று அதன் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் சீட்டு சிலிர்த்தது. மாட்டின் தோல் ஈயை உதறுமே, அதே மாதிரி.

அவள் வாசல்படிக்கு வந்து வாந்தி எடுத்தாள். மத்தியானம் தின்ற சோறு அப்படியே வந்தது. விஷயத்தைச் சொன்னபோது மீனாட்சிசுந்தரம் ஓடிப்போய்ச் சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கண்ணாடித் தட்டில் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொண்டார். தோலும் நூல்தான் ருக்மணி, அதுவும் நீள நூல்தான் என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். அவர் குரலில் அருவருப்பு கொஞ்சமும் இல்லை. அதுதான் அவளுக்குப் பல்லியைவிட அதிகமாகக் குமட்டியது.

வேலையை விட்டுவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். கணவன் நல்லையாவும், வேணாம், விட்டுரு என்றுதான் சொன்னான். ஆனால் மறுநாள் சொல்லிக்கொள்ளப் போனவளிடம் மீனாட்சிசுந்தரம் ஒரு கையுறையை நீட்டினார். பீங்கான் அச்சுக் கையில் மாட்டினால் சூடு இல்லை, உயிருள்ள கையில் ஒருநாள் இருந்தால்தான் முடிவு தெரியும் என்றார். இது மட்டும் சரியாக வந்தால் பிரசவ அறையில் இனி ஒரு பெண்ணும் அப்படிச் சாக மாட்டாள் என்றார். அவளுடைய அக்காவின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அவள் வலது கையை நீட்டினாள்.

யாருடைய வாய்க்குள்ளோ கையை விட்டதுபோல இருந்தது. வெதுவெதுப்பு, வழுவழுப்பு, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான மெல்லிய அழுத்தம். முதலில் அரித்தது. பிறகு அரிப்பு நின்றது. சாப்பாட்டு வேளைக்குள் கையுறை போட்டிருப்பதே மறந்துபோனது. அது மறந்துபோனதை நினைத்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

விளிம்பைத் தேடினாள். மணிக்கட்டில் நகத்தால் நெருடினாள். கிடைக்கவில்லை. இன்னும் அழுத்தி நெருடினாள். ஒரு சின்ன மடிப்பு. அதைப் பற்றிக்கொண்டு இழுத்தாள். வெந்த கோழிக்காலின் தோல் உரிவதுபோல, பிசுபிசுவென்ற சத்தத்தோடு, உட்புறம் வெளியே வரப் புரண்டு வந்தது. வலிக்கவில்லை.

கையைப் பார்த்தாள்.

ரேகைகள் இல்லை. விரல் மூட்டு மடிப்புகள் இல்லை. புறங்கையில் மயிர் இல்லை. உரித்த முட்டைபோல, ஈரமாக, மஞ்சள் படர்ந்து பளபளத்தது. எல்லாம் கையுறையில் இருந்தன. அதன் உட்புறத்தில், அவளுடைய உள்ளங்கை ரேகைகள். பூனைமயிர். ஒரு நகத்தின் துண்டு.

அதை எறிந்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். கையை நீட்டினாள்.

"வலிக்குதா?" என்று கேட்டார் மீனாட்சிசுந்தரம்.

இல்லை என்று தலையாட்டினாள்.

"அஞ்சலைக்கும் வலிக்கலை," என்றார். மிஷினின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். "கொஞ்ச நாளைக்கு எதையும் ரொம்ப நேரம் தொட்டுக்கிட்டே இருக்காதீங்க."

அஞ்சலையின் பலகை வீடு அடுத்த சந்தில்தான். ருக்மணி மழையில் நனைந்துகொண்டே போனாள், வலது கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி. கதவைத் திறந்தவன் அஞ்சலையின் கணவன் சேதுபதி. யாரென்று சொன்னாள். அவன் முதலில் அவளுடைய கையைத்தான் பார்த்தான். பிறகு வழிவிட்டான்.

உள்ளே அந்த வாடை இருந்தது. உலர்த்தும் அறையில் வீசிய அதே வாடை.

அஞ்சலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ருக்மணியைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பியிருந்தாள். பதிலுக்குக் கும்பிட ருக்மணியின் கைகள் தாமாக உயர்ந்தன.

"கும்பிடாதக்கா," என்றாள் அஞ்சலை.

ருக்மணியின் கைகள் பாதியில் நின்றன.

அஞ்சலையின் கைகள் கூப்பியபடியே இருந்தன. அவை இரண்டு கைகளாக இல்லை. விரலுக்கு விரல், உள்ளங்கைக்கு உள்ளங்கை, நடுவில் கோடுகூட இல்லாமல் ஒரே சதையாக, முனை குவிந்த ஒரு பெரிய மொட்டைப் போல நெஞ்சுக்கு நேரே நின்றது. மேலெல்லாம் வேர்வை முத்துமுத்தாக அரும்பியிருந்தது. சேதுபதி ஒரு துணியால் அதைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க மறுபடி அரும்பியது.

"ரெண்டு கையிலயும் போட்டுப் பாக்கச் சொன்னாரு. அடுத்த நாளு மெர்டேக்கா. கோயில்ல நின்னு கும்பிட்டேன்," என்றாள் அஞ்சலை. "நெறைய வேண்டிக்கிட்டேன். நாட்டுக்கும் வேண்டிக்கிட்டேன். அதான் நேரமாயிருச்சு."

ஆஸ்பத்திரியில் கத்தி வைத்துப் பிரித்தார்களாம். ரத்தம் அதிகம் வரவில்லையாம். கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் பழையபடி. இரண்டாவது தடவை சேதுபதியே சவரக் கத்தியால் முயன்றிருக்கிறான். நடுவில் என்ன இருந்தது என்று ருக்மணி கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். நூல், என்றான். சேமியா மாதிரி. அசைஞ்சுச்சு.

ருக்மணி விரல்களை அகல விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஒரு விரல் இன்னொன்றைத் தொடக்கூடாது. கை சேலையில் படக்கூடாது. கதவைத் தோளால் தள்ளினாள்.

நல்லையா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தான். அவர்களுடைய ஒரே மகள், மூன்று வயது வடிவு, உள்ளறையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் மனைவியின் கையைப் பார்த்தான். முகம் சுருங்கியது; ஒரு அடி பின்னால் போனான். போனதை உணர்ந்து மறுபடி முன்னால் வந்தான். பால் ஒட்டாமலிருக்கத் தோட்டத்தில் கையில் எண்ணெய் தடவுவார்கள் அல்லவா, அந்த ஞாபகத்தில் அவளே ஒரு பேசினில் தேங்காயெண்ணெய் முழுவதையும் ஊற்றச் சொன்னாள். கையை அதில் முக்கி வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். முதலாளி தௌக்கேயிடம் லாரியைக் கேட்டு வாங்கி வருகிறேன், பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம், அசையாமல் இரு என்று சொல்லிவிட்டு நல்லையா மழையில் இறங்கி ஓடினான்.

அவள் அசையவில்லை. கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. எண்ணெய்க்குள் அந்தக் கை, தன்னுடையது இல்லாத ஒன்றைப் போல, விரல்களைத் தானாகவே மெல்லக் குவித்தது. அவள் விரித்தாள். அது குவித்தது. மறுபடி விரித்தாள். காலையிலிருந்து ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை. தலை சுற்றியது. கண்ணை ஒரு நிமிஷம் மூடினாள்.

இடி இடித்து ஓய்ந்ததுபோல இருந்தது. எங்கோ குழந்தை சிணுங்கியதுபோலவும்.

கண்ணைத் திறந்தாள். மடியில் பாரம்.

பேசின் கவிழ்ந்து கிடந்தது. தரையெல்லாம் எண்ணெய். இடிக்குப் பயந்து எழுந்து வந்த வடிவு அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். பயந்தால் எப்போதும் செய்வதுபோல, அம்மாவின் கையை இழுத்துத் தன் முகத்தின் மேல் வைத்து, கண்ணோடு கன்னத்தை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

வலது கையை.

ருக்மணி மூச்சை அடக்கிக்கொண்டாள். கையை மெதுவாகத் தூக்கினாள். குழந்தையின் தலை கூடவே எழுந்தது.

கன்னம் முடிந்து உள்ளங்கை தொடங்கும் இடத்தைத் தேடினாள். இடது கை நகத்தால் நெருடினாள். மடிப்பு இல்லை. வரம்பு இல்லை. வேர்வை மட்டும் அரும்பியிருந்தது.

வெளியே லாரி வந்து நின்ற சத்தம்.

அந்தச் சத்தத்தில் வடிவு விழித்தாள். ஒரு கண் அம்மாவைப் பார்த்தது. மற்றது ருக்மணியின் உள்ளங்கைக்குள் இமைத்தது.