டிரம்ஸ் இல்லாத இசைத்தட்டு

கோபாலபுரத்துப் பழைய பங்களாவுக்கு கஸ்தூரிரங்கன் வந்து இறங்கியபோது பகல் இரண்டு மணி. ஜூன் மாத வெயில், எழுபத்து நாலாம் வருஷம். ரிக்‌ஷாவிலிருந்து ஆர்கன் பெட்டியை இறக்கும்போது முழங்கையில் நன்றாக அடிபட்டது. வலிக்கவில்லை. இரண்டு வாரமாகவே அவனுக்கு எதுவும் வலிப்பதில்லை.

படம் எடுத்ததும் இந்த வீட்டில்தான், அதற்கு இசை சேர்ப்பதும் இந்த வீட்டில்தான். தயாரிப்பாளர் வெள்ளைத்துரை அண்ணாச்சி தி. நகர் ஜவுளிக்கடைக்காரர். ஸ்டூடியோவுக்கு எதற்குப் போகவேண்டும் என்று தன் கடைப் போர்வைகளையே கொண்டுவந்து ஜன்னலெல்லாம் ஆணியடித்து மூடிவிட்டார். உள்ளே புதுத்துணி வாடையும் வௌவால் வாடையும் கலந்து அடித்தது.

கஸ்தூரிரங்கனுடையது மயிலாப்பூர்ப் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்திய ராக் பேண்ட். ஆர்கன் கஸ்தூரிரங்கன், கிட்டார் நெடுஞ்செழியன், டிரம்ஸ் கபாலி. பேய்ப்படத்துக்கு மேல்நாட்டு பாணியில் இசை வேண்டும், அதை இசைத்தட்டாகவும் போடவேண்டும் என்று அண்ணாச்சி இவர்களைப் பிடித்தார். ஒப்பந்தமான பத்தாம் நாள் அடையாறு பாலத்தில் லாரி மோதி கபாலி போய்விட்டான். கஸ்தூரிரங்கன் சுடுகாடு வரை போனான். திரும்பி வந்து குளித்து, மோர்சாதம் சாப்பிட்டுத் தூங்கினான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

படத்தின் முக்கியமான மெட்டு கபாலியுடையது. பெசன்ட் நகர் மணலில் உட்கார்ந்து, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே பாடிக் காட்டினான். "வாசிக்கறது நீ வாசி மச்சி. பேரு மட்டும் என் பேரு போட்டுடு. எங்கம்மா பாக்கணும்" என்றான்.

அண்ணாச்சி ஒப்பவில்லை. சினிமாக்காரர்கள் சகுனம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார்கள் அல்லவா! "செத்தவன் பேரோட மொதப் படத்த வெளிய விடச் சொல்லுதியா தம்பி? பொட்டி போன வேகத்துல திரும்பிரும். வேற பேரு எழுதிக் குடு" என்றார்.

பேண்டின் பெயரை எழுதியிருக்கலாம். அவன் எழுதியது, 'இசை: கஸ்தூரிரங்கன்.' பாழாய்ப்போன மனசு உறுத்தவில்லை. செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போகிறானா என்ன?

சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படத்தை ஓட்டினார்கள். வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி மாடிப்படியில் இறங்கி வருகிறாள். அவள் முதல் படியில் கால் வைக்கும்போது இசை தொடங்கவேண்டும். டிரம்ஸ் வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. இருவரும் வாசித்தார்கள். ஒரே தடவையில் அமைந்துவிட்டது.

ஒலிப்பதிவாளர் சிதம்பரநாதன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார்.

"பிரமாதம். கவுண்ட் குடுத்தது யாருப்பா? நல்ல கரகர குரல்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசிக்கத் தொடங்குமுன் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று யாராவது எண்ணினால்தான் எல்லோரும் ஒன்றாக இறங்க முடியும். அவர்கள் பேண்டில் அது எப்போதுமே கபாலியின் வேலை.

"நீ குடுத்தியோ?" என்றான் கஸ்தூரிரங்கன்.

"நான் இன்னாத்துக்குக் குடுக்கப்போறேன்? நீ குடுத்தேன்னுதான நான் எடுத்தேன்."

சிதம்பரநாதன் டேப்பைத் திருப்பிப் போட்டார். முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு டிரம்ஸ் குச்சியும் குச்சியும் உரசும் ஒலி.

"ரெடியா நைனா? ஒன்... டூ... ஒன், டூ, த்ரீ, ஃபோர்."

நெடுஞ்செழியன் கிட்டாரைத் தரையில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான்.

கஸ்தூரிரங்கன் ஓடவில்லை. பயப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. பயம்தான் வரவில்லை. எங்கே பேர் போய்விடுமோ என்பது ஒன்றுதான் புத்தியில் ஓடியது.

"வெட்டிடுங்கோ சார். கவுண்டை வெட்டறது வழக்கம்தானே."

சிதம்பரநாதன் தயங்கினார். கஸ்தூரிரங்கனே பிளேடை வாங்கி, அந்த ஒரு முழ டேப்பை நறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டான்.

ஒரு மாதம் கழித்து, விநியோகஸ்தர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். சின்னத் தியேட்டர், காலைக் காட்சி. வாசல் மேஜையில் இசைத்தட்டுகள் அடுக்கியிருந்தன. அட்டையில் கொட்டை எழுத்தில் கஸ்தூரிரங்கன் பெயர். நெடுஞ்செழியன் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

மூன்றாவது ரீல். வெள்ளைப் புடவைக்காரி முதல் படியில் கால் வைத்தாள்.

இசை வரவில்லை.

அவள் காலடிச் சத்தம் கேட்டது. கொலுசு கேட்டது. இசை மட்டும் இல்லை.

"என்னவே இது, ஊமைப்படமா?" என்று யாரோ சிரித்தார்கள். மறுபடி ஓட்டினார்கள். இல்லை. மூன்றாம் தடவையும் இல்லை.

"நேத்து சாயங்காலம்கூட என் காதால கேட்டேன் சார்!" என்று சிதம்பரநாதன் தலையில் கைவைத்துக்கொண்டார். விநியோகஸ்தர்கள் எழுந்திருக்கத் தொடங்கினார்கள். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் வியர்வை.

கஸ்தூரிரங்கனுக்குப் புரிந்துவிட்டது. எண்ணாமல் எப்படித் தொடங்கும்? அவன் வாய்க்குள்ளேயே எண்ணிப் பார்த்தான். ஒன், டூ, த்ரீ, ஃபோர்.

ஒன்றும் நடக்கவில்லை.

பின் வரிசை காலி. அங்கேதான் குச்சியும் குச்சியும் உரசின.

யாரோ காத்திருந்தார்கள்.

அவன் எழுந்து நின்றான்.

"அண்ணாச்சி, அது என் மெட்டில்லே. கபாலி போட்டது. நான் திருடிட்டேன்."

சொன்ன மாத்திரத்தில் கண்ணீர் வந்தது. அன்றைக்கு சுடுகாட்டில் வராத அழுகையெல்லாம் சேர்ந்து, குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதான். அப்பாடா என்று இருந்தது. அவ்வளவு நாளைக்குப் பிறகு நெஞ்சு வலித்தது.

"ஒன்... டூ... ஒன், டூ, த்ரீ, ஃபோர்."

இசை தொடங்கியது. ஆர்கன், கிட்டார், அவற்றுக்கு அடியில் டிரம்ஸ். எவருமே பதிவு செய்யாத டிரம்ஸ், நாற்காலிகள் அதிரும்படி. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். புடவைக்காரி கடைசிப் படியில் இறங்கினாள். ஆர்கன் ஓய்ந்தது, கிட்டார் ஓய்ந்தது. ரீல் முடிந்து விளக்கைப் போட்டார்கள்.

டிரம்ஸ் நிற்கவில்லை.

"ஏல, மிஷின நிறுத்துங்கல!" என்று அண்ணாச்சி கத்தினார்.

"அப்பவே நிறுத்திட்டேன் சார்" என்றான் ஆபரேட்டர், மேலே ஓட்டை வழியாகத் தலையை நீட்டி.

நெடுஞ்செழியன் கஸ்தூரிரங்கன் காதில் கிசுகிசுத்தான். "நீ கை காட்னாதான மச்சி அவன் முடிப்பான்? காட்டுடா."

கஸ்தூரிரங்கன் காலி வரிசையைப் பார்த்து வலக்கையைத் தூக்கினான். மேடையில் எத்தனையோ தடவை காட்டியதுபோலவே விரல்களை மூடி, கையைக் கீழே இறக்கினான். வாசல் மேஜையில் அட்டைகளில் இன்னும் அவன் பெயர்தான் இருந்தது.

அடி இன்னும் வேகமாக விழுந்தது.