ஐந்தாம் மாடிக்கு மேலே

பிற்பகல் மூன்றரைக்கு ஹெர்மினா அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது, தொழிலாளிகள் இருவர் படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் இரும்பு அறுக்கும் இயந்திரம் கிடந்தது. நான்கு மணிக்குப் பழைய லிஃப்டை நிறுத்திச் சங்கிலியை அறுத்துவிடுவார்கள். அப்புறம் லீடாவைத் தேட வழியே இல்லை.

லீடா அவளுடைய ஒரே மகள், பத்தொன்பது வயது. ஐந்தாம் மாடி வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. செவ்வாய்க்கிழமை அந்த லிஃப்டில் ஏறியவள் இறங்கவே இல்லை. போலீஸ் வந்து லிஃப்டை நிறுத்தி மேலும் கீழும் துழாவியது. கிடைத்தது ஒரு கையுறை.

பிராக் நகரத்தின் நட்டநடுவில், தேவாலயக் கோபுரங்களுக்கு இடையே, ஒரு பூவேலைகூட இல்லாமல் சிமெண்டும் கண்ணாடியுமாக நிற்கிறது அந்தக் கட்டடம். கட்டிய புதிதில் எங்கள் தாத்தாக்கள் அதைத் தீப்பெட்டி என்று கேலி செய்தார்களாம். இப்போது அதைப் படம் பிடிக்க வெளியூர்க்காரர்கள் முட்டிமோதுகிறார்கள். அதன் லிஃப்டுக்குக் கதவு கிடையாது. சங்கிலியில் கோத்த மரப்பெட்டிகள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, நிற்காமல் சுற்றும். ஓடும்போதே ஏறி ஓடும்போதே இறங்க வேண்டும். ஐந்தாம் மாடியில் இறங்காமல் விட்டால், பெட்டி கூரைக்கடியில் இருட்டுக்குள் நகர்ந்து மறுபக்கமாக இறங்கிவிடும். ஆபத்தில்லை என்று பலகையே மாட்டியிருக்கிறது.

வாயிற்காவலர் ஒட்டாகரின் மேசை முன்னால் ஹெர்மினா மூன்று நாளாக அழுதிருக்கிறாள். இன்று அவர் மனம் இளகியது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குமாஸ்தா இப்படிக் காணாமல் போனதையும், அவன் மனைவி மேலே போய் அழைத்து வந்ததையும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“மேல இருட்டுல நிறைய பேர் வணக்கம் சொல்வாங்கம்மா. முதல்ல யாருக்குப் பதில் சொல்றீங்களோ அவங்கதான் கூட வருவாங்க. ஒருத்தர்தான். உங்க பொண்ணு குரல் கேக்குற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க.”

“அவ்வளவுதானே?” என்றாள் ஹெர்மினா.

“நம்ம ஊர்ல வளந்தவங்களுக்கு அது லேசுப்பட்ட காரியம் இல்ல.”

உண்மைதான். எங்கள் ஊரில் லிஃப்டுக்குள் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் முன்பின் தெரியாதவர் ஏறினாலும் வணக்கம் சொல்வார். உள்ளே இருப்பவரும் பதில் சொல்வார். சொல்லாதவரை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்கள். ஆறு வயது லீடா ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்லவில்லை என்று ஹெர்மினாவே அவள் காதைத் திருகியிருக்கிறாள்.

பெட்டிக்குள் கால் வைத்தாள். மூன்றாம் மாடி போனது. நான்காம் மாடி போனது. ஐந்தாம் மாடியின் வெளிச்சம் காலடிக்குக் கீழே இறங்கி மறைந்தது.

இருட்டு.

இயந்திர எண்ணெய் வாடை. அதோடு, நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை. சங்கிலி முனகியது. பெட்டி குலுங்கிப் பக்கவாட்டில் நகர்ந்தது.

“வணக்கம்ங்க,” என்றது ஒரு கிழவரின் குரல், காதோரத்தில், மிகவும் மரியாதையாக.

“வணக்கம்,” என்றாள் ஹெர்மினா.

நாற்பத்தாறு வருஷப் பழக்கம். நாக்கு அவளைக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ ஏறியதுபோல் பெட்டி ஒருமுறை தாழ்ந்தது.

அதன்பிறகுதான், கொஞ்சம் தள்ளி, லீடாவின் குரல் கேட்டது.

“வணக்கம்ங்க. யாராவது இருக்கீங்களா?”

“லீடா, அம்மா வந்திருக்கேன்டி. வணக்கம், வணக்கம்...” என்று இருட்டில் துழாவினாள். ஒரு குளிர்ந்த கை வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டது.

வெளிச்சத்துக்கு வந்தபோது பக்கத்தில் லீடா நின்றாள். அதே சாம்பல் கோட்டு, ஒரு கையில் மட்டும் கையுறை. ஹெர்மினா அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். லீடா எதுவும் பேசவில்லை. குழந்தை பயந்திருக்கிறாள் என்று ஹெர்மினா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்கத்தான் அவளுக்குத் தைரியம் இருந்தது.

கீழே ஒட்டாகர் லிஃப்டை நிறுத்தும் விசையில் கை வைத்தபடி அவள் முகத்தையே பார்த்தார்.

“இவளுக்கு மட்டும்தானே பதில் சொன்னீங்க?”

இல்லை என்று உண்மையைச் சொன்னால் இன்னொரு சுற்றுப் போகலாம். ஆனால் பிடித்திருக்கும் கையை விட வேண்டும். மூன்று நாள் தூங்காத தாயால் அது முடியவில்லை.

“ஆமா,” என்றாள்.

அவர் விசையை இறக்கினார். தொழிலாளிகள் பெட்டிகளுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுச் சங்கிலியை அறுத்தார்கள். தீப்பொறி பறந்தது. சங்கிலி அறுந்து விழுந்த சத்தத்தில் கட்டடமே அதிர்ந்தது.

ஒட்டாகர் வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

“போயிட்டு வாம்மா கண்ணு.”

“வரேங்க,” என்றாள் லீடா. கிழவரின் குரலில், மிகவும் மரியாதையாக.

ஹெர்மினா கையை உதறினாள். அந்தப் பிடி விடவில்லை.

அப்போது, நின்றுபோன பெட்டிகளுக்கு மேலே, ஐந்தாம் மாடிக்கும் மேலேயிருந்து, ஒரு சின்னக் குரல் கேட்டது.

“வணக்கம்ங்க.”

ஹெர்மினா தன்னைப் பிடித்திருந்த கையையும் இழுத்துக்கொண்டு ஓடி, லிஃப்டின் வாயில் தலையை நீட்டி மேலே பார்த்துக் கத்தினாள். வணக்கம், வணக்கம், வணக்கம் என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு பெட்டியும் அசையவில்லை.

யாருமே பதில் சொல்லாததுபோல், மேலிருந்து அந்தக் குரல் மறுபடியும் கேட்டது.

“வணக்கம்ங்க. யாராவது இருக்கீங்களா?”