இவரய்!

வெள்ளவத்தையில் கரண்ட் போய்விட்டது. அதுவும் போகவே கூடாத நேரத்தில்!

ஜனாதிபதி பதவி விலகிவிட்டாரா என்று இன்னும் சற்று நேரத்தில் அறிவிக்கப் போகிறார்கள். இலங்கையில் இதற்கு முன் எந்த ஜனாதிபதியும் அப்படி இடையில் விலகியதில்லை. ஹம்சிகாவின் கையிலிருந்த போனில், வீடியோ அழைப்பில், உமாசுதன் மாமா தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார். அவர் சுவிஸில், வேலைக்குப் போக பஸ் தரிப்பிடத்தில் நின்றார். ஊரை விட்டுப் போய்ப் பத்து வருடமாகிறது.

"இஞ்ச செய்தி ஜெர்மன்ல வரும் பிள்ளை. எனக்கு அது வேண்டாம். எங்கட றோட்டுச் சத்தத்தோட கேக்கவேணும்."

"கட்டாயம் கேப்பீங்கள் மாமா" என்று ஹம்சிகா வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது டிவி இல்லை. போனில் நான்கு வீதம்தான் சார்ஜ்.

ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். கீழே நீளமான பெற்றோல் வரிசை. கொட்டாஞ்சேனை ஸ்ரனிஸ்லாஸ் அங்கிளின் ஓட்டோ இரண்டு நாளாக அதில் நிற்கிறது. அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பவள் ஹம்சிகாதான். அட, ஓட்டோவில் ரேடியோ இருக்கிறதே!

அம்மாவிடம் சொல்லிவிட்டு, தேத்தண்ணியும் சார்ஜர் வயருமாகப் படியிறங்கி ஓடினாள்.

"அங்கிள், போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் போடலாமா? சுவிஸில மாமா செய்தி கேக்கக் காத்துக்கொண்டு நிக்கிறார்."

"ஏறு மகள்! பற்றரி செத்தா என்ன, தள்ளுறதுக்கு இத்தன பேர் இருக்கோமே."

"அப்ப ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வையுங்கோ. வரிசையில நிக்கிறவைக்கும் கேக்கட்டும்."

வரிசையில் நின்றவர்கள் ஓட்டோவைச் சுற்றி மொய்த்தார்கள். ரேடியோ சிங்களத்தில் படபடவென்று பேசியது. திடீரென்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"இவரய்! இவரய்!"

ஹம்சிகாவுக்குப் பகீரென்றது. சிங்களத்தில் 'இவரய்' என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். சில மாதங்களாக அவள் கேட்டுக் கேட்டு வெறுத்த சொல். பெற்றோல் இவரய், காஸ் இவரய், பால்மா இவரய்!

"ஐயோ அங்கிள், பெற்றோல் முடிஞ்சுதா?"

"இல்ல மகள்! ஜனாதிபதி விலகிட்டார்! அவர் ஆட்சிதான் முடிஞ்சது!"

போனுக்குள் மாமா அலறினார். "இவரையா? எவரை? ஆரைப் பிடிச்சவங்கள்?"

ஹம்சிகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒருத்தரையும் பிடிக்கேல்லை மாமா! உங்களுக்குச் சிங்களம் மறந்துபோச்சு. முடிஞ்சுது எண்டு சனம் கத்துது!"

வயர் எட்டுமட்டும் போனை உயர்த்திப் பிடித்தாள். ஓட்டோக்கள் ஹோர்ன் அடித்தன. ஒருவர் வெறும் பெற்றோல் கானைத் தட்டித் தட்டி ஆடினார். அதைப் பார்த்து மாமா சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார். அவருக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. கதவைத் திறந்தது, மூடியது, போயே போய்விட்டது.

"மாமா, உங்கட பஸ்!"

மாமா திரும்பியே பார்க்கவில்லை.

"பஸ் இவரய்!" என்று கத்தினார்.