நமுத்துப் போகாத தலையணை

எங்கள் நீச்சல் குளத்தில் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எனக்கு ரேடியோ. ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் தலையை முக்கி எடுக்கிற இடைவெளியில்கூட நான் பேசுவேனாம். அப்படிச் சொல்லிப் பெயர் வைத்தவர் எங்கள் கோச்.

பேசுவது ஒரு குறையா என்ன? சித்திக்குக் கடை கிடைத்ததே என் வாயால்தான். இல்லை, என் கண்ணால்தான் என்று சித்தி சொல்வாள். நீங்களே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். அவள் வேலை பார்த்த பேக்கரியை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் எதையாவது துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைப்பாள். வாய்விட்டுச் சிரிக்கிறவள் சிரிப்பதையே மறந்துவிட்டாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரில்தான் நீச்சல் குளம். அங்கே டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடை சும்மாவே கிடந்தது. முன்பு ஜூஸ் கடை இருந்த இடம். நான் நேராக மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"சார், அந்த இடத்துல எங்க சித்தி பலகாரக் கடை போடட்டுமா?"

மேனேஜர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இங்க அடுப்பு கூடாது. எண்ணெய் கொதிக்கக் கூடாது. தரையில எதுவும் சொட்டவே கூடாது. யாராவது வழுக்கி விழுந்தா யார் பதில் சொல்றது?"

"எண்ணெய் கொதிக்கவே வேண்டாம் சார். எங்ககிட்ட ஏர் ஃப்ரையர் இருக்கு. காத்துலயே பொரிக்கும்."

"காத்துலயா?"

"சூடான காத்து சார்."

அவர் அந்தக் காலி மேடையைத் திரும்பிப் பார்த்தார். "சரி. வெள்ளிக்கிழமை ஒரு நாள் போட்டுப் பாருங்க. பசங்க விரும்பிச் சாப்பிட்டா அந்த இடம் உங்க சித்திக்கு. இல்லைன்னா அங்க பிஸ்கட் மெஷின் வந்துடும். ஏற்கெனவே பேசி வெச்சிருக்கேன்."

காசு போட்டால் பொட்டலம் விழுகிற பெட்டியைத்தான் சொன்னார். சித்தியின் இடத்தில் ஒரு பெட்டியா? விடுவேனா நான்?

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னதும் சித்தி துணியைக் கீழே வைத்தாள். அதுவே பெரிய விஷயம்.

என்ன செய்வது என்று இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் சித்தி ராவியோலி என்றாள். அது சதுரமான பாஸ்தா. உள்ளே சீஸ் இருக்கும். பொம்மைக் கட்டிலில் போடுகிற தலையணை மாதிரி குண்டாக இருக்கும். அதை மொறுமொறுவென்று பொரித்துக் கொடுப்பதாகத் திட்டம். ராவியோலி என்று வேகமாகச் சொல்லும்போது என் நாக்கே தடுமாறியது. அதனால் தலையணை என்றே கூப்பிட்டோம்.

சித்தி பாஸ்தாவை அரைவேக்காடாக வேகவைத்து, வடித்து, துணியில் ஒற்றி எடுத்தாள். ஒரு கிண்ணத்தில் முட்டையை அடித்து வைத்தாள். இன்னொன்றில் ரொட்டித் தூள்.

"முட்டையில முக்கினா கை பிசுபிசுன்னு ஆகுது சித்தி. சும்மா தூள்ல பிரட்டினா போதும். பாரு, எப்படித் தூள் கிளப்பப் போறேன்னு!" என்றேன்.

பிரட்டினேன். கூடையில் அடுக்கினேன். மெஷின் உர்ரென்று ஓடத் தொடங்கியது.

நிறுத்தித் திறந்து பார்த்தால், தலையணைகள் எல்லாம் மொட்டையாக உட்கார்ந்திருந்தன. உள்ளே சுற்றும் காற்று ரொட்டித் தூள் முழுவதையும் ஊதி எறிந்திருந்தது. கூடை, மூடி, மூலைமுடுக்கு எல்லா இடத்திலும் தூள்.

சித்தி எட்டிப் பார்த்தாள். "சொன்ன மாதிரியே கிளப்பிட்டே," என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் உதட்டோரம் லேசாகத் துடித்ததைக் கவனித்தேன்.

அடுத்த முறை சித்தி சொன்னபடியே கேட்டேன். முதலில் முட்டையில் முக்க வேண்டும். பிறகு தூளில் பிரட்டி, உள்ளங்கையால் லேசாக அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மேலே எண்ணெயைப் பன்னீர் தெளிப்பது போல ஒரு தெளி. பாதியில் ஒரு புரட்டு. அவ்வளவுதான்!

பொன்னிறமாக வந்த முதல் தலையணையை ஊதி ஊதிக் கடித்தேன். கறுக்!

"அங்க என்னடி உடைஞ்சுது?" என்று பக்கத்து அறையிலிருந்து அம்மா கத்தினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று என் வகுப்புக்கு லீவு சொல்லிவிட்டுச் சித்திக்குத் துணையாகப் போனேன். பாதித் தலையணைகளைச் சித்தி வீட்டிலேயே பொரித்து, ஹாட் பாக்ஸில் போட்டு, மூடியை இறுக்கித் திருகினாள். மீதியைத் தூளில் பிரட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள்.

"மெஷினை எடுத்துட்டுப் போகலாமே சித்தி?"

"கடைன்னா எல்லாம் தயாரா இருக்கணும். கேட்டதும் எடுத்துக் கொடுக்கணும்," என்றாள். பேக்கரியில் அப்படித்தானே பழக்கம்.

முதலில் பெரிய வகுப்பு அண்ணன்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் நெட்டையாக இருப்பவருக்கு ஒட்டகம் என்று பெயர். அவர்தான் எங்கள் முதல் வாடிக்கையாளர். தலையணையை எடுத்து வாயில் போட்டார். நான் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

சத்தமே வரவில்லை.

"என்ன பாப்பா, தலையணை நமுத்துப் போச்சே? யாராவது இதுல படுத்து அழுதாங்களா?" என்றார் ஒட்டகம்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் சித்தியின் முகம் சுருங்கிப்போனது.

ஹாட் பாக்ஸைத் திறந்து பார்த்தோம். மூடியின் உள்பக்கம் முழுவதும் தண்ணீர்த் துளிகள். சூட்டோடு போட்டு மூடியதால் உள்ளே ஆவி அடைபட்டு, மொறுமொறுப்பு முழுவதும் போய்விட்டது. தொட்டால் சவசவவென்று இருந்தது.

சித்தி ஹாட் பாக்ஸை மூடினாள். துணியை எடுத்து மேடையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"வா, கிளம்பலாம். மேனேஜர் வந்து பார்க்கறதுக்குள்ள போயிடலாம்."

"சித்தி, மெஷினை இங்க எடுத்துட்டு வா. சுடச்சுடப் பொரிச்சுக் கொடுக்கலாம்."

"உனக்குப் புரியலைடி. கூடையில கொஞ்சம்தான் பிடிக்கும். அடுத்து உங்க வகுப்பு முழுசும் ஒண்ணா வந்து நின்னா என்ன பண்றது? பசியோட இருக்கற பிள்ளைங்க காத்திருக்குமா?"

"ஒண்ணா வர மாட்டாங்க!" என்றேன். "எங்க வகுப்பு எனக்குத் தெரியாதா?"

துடைக்கிற கை நின்றது.

"முதல்ல சுறாவும் அவன் கூட்டாளிகளும் வருவாங்க. ஷவர்ல தலையைக் காட்டிட்டு ஓடி வந்துடுவாங்க. சோப்பே போட மாட்டாங்க. அதுக்கப்புறம் ஒழுங்கா குளிக்கறவங்க. அப்புறம் நீள முடிக்காரிங்க. ஹேர் டிரையருக்கு அடிச்சுக்குவாங்க. கடைசியா பட்டன். ஒரு கூடை தீர்றப்ப அடுத்த கூடை தயாரா இருக்கும் சித்தி!"

"அது யாரு பட்டன்?"

"வகுப்புலயே சின்னவ. சட்டை பட்டனை மாத்தி மாத்திப் போட்டு, கழட்டி, திரும்பப் போடுவா. உதவிக்குப் போனா, 'நானே போடுவேன்'னு சண்டைக்கு வருவா."

சித்தி என்னையே பார்த்தாள். பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை நோக்கி ஓடினாள். சித்தி ஓடி நான் பார்த்ததே இல்லை.

அதற்குள் நான் மேனேஜரிடம் போய், எங்கள் மேடையின் பின்சுவரில் இருக்கும் பிளக்கைக் கேட்டு வாங்கினேன். தண்ணீர் படாத இடம்.

"ஈரக் கையோட யாரும் கிட்ட போகக் கூடாது," என்றார் அவர்.

"சித்தி மட்டும்தான் மெஷினைத் தொடுவாங்க சார். என் வேலை பேசுறது மட்டும்தான்."

"அது தெரியும்," என்றார் மேனேஜர்.

சித்தி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். மெஷினை வைத்தாள், ஃப்ரிட்ஜில் இருந்த மீதித் தலையணைகளை வைத்தாள், தட்டை வைத்தாள், மெஷினைச் சூடாக்கினாள். நான் குளத்தைப் பார்த்தபடி இருக்கும் கண்ணாடிக் கதவருகே போய் நின்றேன். கோச் கடைசி விசில் ஊதினார்.

"சித்தி! சுறா கரை ஏறிட்டான்! கூடையை உள்ள விடு!"

உர்ரென்றது மெஷின்.

"ஷவருக்குள்ள போயிட்டான்... அதோ, வெளியவே வந்துட்டான்! இன்னிக்கும் சோப்பு போடலை!"

சுறா சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தபோது சித்தி கூடையை வெளியே இழுத்தாள். தலையணைகள் பொன்னிறமாக உட்கார்ந்திருந்தன.

"ஊதிச் சாப்பிடுப்பா. உள்ள சீஸ் சுடும்," என்றாள் சித்தி.

சுறாவுக்கு ஊதப் பொறுமை ஏது? கடித்தான். கறுக்! அப்புறம் வாயைத் திறந்துகொண்டு ஹா ஹா என்று குதித்தான். குதித்தபடியே, "இன்னொண்ணு!" என்று கையை நீட்டினான்.

இரண்டாவது கூடையும் சரியான நேரத்தில் வந்தது. ஒழுங்காகக் குளிப்பவர்கள் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். எனக்கு ஒரே பெருமை.

மூன்றாவதில்தான் கணக்குத் தப்பியது. அன்றைக்குப் பார்த்து ஹேர் டிரையர் வேலை செய்யவில்லையாம். நீள முடிக்காரிகள் எல்லாரும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முன்கூட்டியே வந்துவிட்டார்கள். கூடை அப்போதுதான் உள்ளே போயிருந்தது.

"ரெடி இல்லையா? அப்போ நாங்க போறோம்," என்றாள் ஒருத்தி.

சித்தி பயத்தோடு என்னைப் பார்த்தாள்.

"போங்க, போங்க," என்றேன் நான். "ஆனா முதல் தடவை நான் தூளைக் கிளப்பின கதையைக் கேட்டுட்டுப் போங்க."

மொட்டைத் தலையணைக் கதையை நடித்தே காட்டினேன். மெஷின் மாதிரி உர்ரென்றேன், தூள் மாதிரி பறந்தேன். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடிப்பதற்குள் கூடை வந்துவிட்டது. ஒருத்தரும் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் கூடம் காலியானது. மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் போயாச்சு. மெஷினை அணைச்சுடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தியே பதில் சொன்னாள்.

"இன்னும் ஒரு ஆள் பாக்கி சார்."

"ஒரு ஆளுக்காக ஓடுதா இது?"

"ஆமா சார். அந்தப் பொண்ணு இன்னும் பட்டன் போட்டுக்கிட்டு இருக்கு."

மேனேஜர் உடை மாற்றும் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசல் பெஞ்சில் பட்டனின் அப்பா உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தார். மெஷின் மட்டும் உர்ரென்று ஓடியது.

கடைசியில் பட்டன் வந்தாள். பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். சட்டையில் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. மேடையைப் பார்த்ததும் நின்றாள்.

"எல்லாம் தீர்ந்து போச்சா?" என்றாள். எங்கே போனாலும் கடைசியில் வருகிறவள் வேறு எப்படிக் கேட்பாள்?

"தீரலையே. உனக்காகத்தான் வெந்துக்கிட்டு இருக்கு," என்றாள் சித்தி.

"எனக்கா? எனக்குன்னு தனியாவா?"

சித்தி கூடையை இழுத்து, தட்டில் நாலு தலையணைகளை வைத்து நீட்டினாள். பட்டன் ஒன்றை எடுத்து நிதானமாக ஊதினாள். பிறகு கடித்தாள். காலியான கூடத்தில் அந்தக் கறுக் எதிரொலித்தது. அவள் அப்பா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

மேனேஜர் எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன். பட்டனும் பார்த்துவிட்டாள். தட்டை அவர் பக்கம் நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க அங்கிள். ஆனா ஊதிச் சாப்பிடணும்."

மேனேஜர் சொன்னபடி ஊதினார். கடித்தார். மென்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சித்தி துணியின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை. நம்புங்கள், எனக்கேதான்!

"இந்த ஒரு மெஷின் உங்களுக்குப் போதாது," என்றார் அவர். "அந்த மூலையில இன்னொரு பிளக் போட்டுத் தரச் சொல்றேன். திங்கக்கிழமை வந்துடுங்க."

சித்தி விழித்தாள். "திங்கக்கிழமையா?"

"அப்போ பிஸ்கட் மெஷின்?" என்றேன் நான்.

"அதுக்கு இங்க இடம் எங்கம்மா இருக்கு?" என்று சொல்லிவிட்டு மேனேஜர் விரலை நக்கிக்கொண்டே போனார்.

சித்தி சிரித்தாள். வாய்விட்டு, கூடமே அதிரும்படி சிரித்தாள். அதைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் நான் அழவில்லை.

அவர் காட்டிய மூலைக்கு ஓடிப்போய் நின்று பார்த்தேன். சித்தியும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"இடிக்காம கொஞ்சம் தள்ளி நில்லு," என்றாள்.

தள்ளி நின்றேன். ரெண்டு மெஷின், தட்டுகள், சித்தி, நான். எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் இருந்தது.