ஆண் பூச்சி வரும் வரை

பைப்புழுவின் கூட்டில் ஒரு நீல நூல் இருந்தது.

கிறிஸ்டின் உருப்பெருக்கியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அந்த டப்பாவுக்குள் செம்பனை ஓலையைத் தவிர அவள் எதையும் போட்டதில்லை. வாயில் மெல்லிய துணி கட்டி ரப்பர் வளையம் மாட்டியிருந்தாள். பைப்புழு தன்னைச் சுற்றி என்ன கிடைக்கிறதோ அதைக் கடித்தெடுத்து, தன் பட்டினால் ஒட்டி, தனக்கொரு பையைக் கட்டிக்கொள்ளும். ஓலையில் வாழ்வது ஓலையால்தான் கட்டும். இந்தப் பையிலோ காய்ந்த துணுக்குகளுக்கு நடுவே வெளுத்த நீலம். அவள் உடுத்தியிருந்த கஃப்தான் அங்கியின் நீலம்.

துணியை அவிழ்க்கும்போது கையோடு போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டம் யோங் பெங் ஊரின் மேல் கவிழ்ந்து கிடந்த நாட்கள் அவை. அவள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தை மூடிவிட்டார்கள். புழு டப்பாக்களை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் அடுக்கியிருந்தாள். சன்னல்களைத் திறக்க முடியாது. நண்பகல் தாண்டியதுமே வெளிச்சம் பழைய தேநீர்க் கறைபோல் சுவரில் படிந்துவிடும். எரிந்த மண்ணின் வாடை கதவிடுக்கு வழியே வந்து, புழுக்களின் எச்சத்திலிருந்து எழும் ஈரப்புல் வாடையோடு கலந்து, அவள் தலைமயிரிலும் தலையணையிலும் தங்கிவிடும். டப்பாக்களுக்குள் ஓலை கடிபடும் சத்தம், யாரோ காகிதத்தை நகத்தால் கிள்ளுவது போல, ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அவளைத் தவிர அசைந்துகொண்டிருந்தவை அவை மட்டுமே.

அவள் கணவன் ரேமண்டுக்குச் சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில் வேலை. அங்கேயே வீடு பார்த்துவிட்டான். இந்தச் சனிக்கிழமை அவளைக் கூட்டிப்போக வருவதாகப் போனில் சொன்னான். வழக்கம்போல அவள் புழுவைக் காரணம் காட்டினாள். சிம்பாங் ரெங்கத்துக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கிடைத்த இனம், இன்னும் பெயர் தெரியவில்லை, பெயர் தெரிந்ததும் வந்துவிடுகிறேன் என்றாள்.

ரேமண்ட் குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"ரெண்டு வருசமா இதையேதான் சொல்றே. இந்தத் தடவை வரலைன்னா நான் இனிமே கேக்க மாட்டேன், கிறிஸ். கோவத்துல சொல்லலை."

கோபமில்லாமல் சொன்னதுதான் அவளைப் பயமுறுத்தியது. போக வேண்டும். இந்தத் தடவை போய்விட வேண்டும்.

ஆனால் அவள் சொன்னது பொய்யுமில்லை. முட்டையிலிருந்து ஒவ்வொரு தோலுரிப்பாக அவள் அந்தப் புழுவை வளர்த்துப் படம் பிடித்திருந்தாள். தலையின் புள்ளிகள் தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. எந்தக் குடும்பக் கிளையில் வைப்பது என்று சொல்ல, ஆண் அந்துப்பூச்சியின் இறக்கை நரம்புகளைப் பார்த்தாக வேண்டும். வளர்த்த ஆண்களெல்லாம் கூட்டுக்குள்ளேயே காய்ந்துபோயின. பெண்ணுக்கோ இறக்கையே வராது. கால் மறைந்துவிடும், கண் மங்கிவிடும், வாய் எதற்கும் உதவாது. வளர்ந்த பிறகும் புழுவைப் போலவே தன் பைக்குள் கிடந்து, முட்டையிட்டு, அங்கேயே சாகும்.

'பெண் வெளியே வருவதே இல்லை' என்று கணினியில் அடித்துவிட்டு அவள் வெகுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. வீடு அவளுக்குப் பிடித்தமானதுகூட இல்லை. அது அவள்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நிலையத்தின் மூத்த அதிகாரி மகேஸ்வரன்தான் யோசனை சொன்னார். முதிர்ந்த பெண்ணை வலைக்கூண்டில் போட்டு வெளியே தொங்கவிட்டால், அதன் வாடைக்கு எங்கிருந்தாலும் ஆண்கள் வரும். அவள் ஒரு பெண்ணைப் பையோடு கூண்டில் போட்டு வாசலில் தொங்கவிட்டாள். "பொண்ணைக் காட்டிட்டீங்க, இனி மாப்பிள்ளைங்க வரணும்" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அவை வந்தன.

படுக்கையறையில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் மெல்லிய தட்டல். புகை நிறத்தில் சின்னஞ்சிறு பூச்சிகள், இறக்கை தெரியாத வேகத்தில் அடித்துக்கொண்டு, வயிற்று நுனியைக் கண்ணாடியில் தேய்த்தன. கூண்டு வாசலில் தொங்கியது. அதன்மேல் ஒன்றுகூட இல்லை.

கூடத்துக்குப் போனாள். கூடத்துச் சன்னலுக்கு வந்தன.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்யும் தப்பை அவள் செய்திருக்கிறாள், கையுறை போடாமல் பெண்ணைத் தொட்டிருக்கிறாள், வாடை கையில் ஏறியிருக்கிறது. வேறொன்றுமில்லை. சோப்புப் போட்டுக் குளித்தாள். மறுபடி தேய்த்துக் குளித்தாள். நிமிர்ந்தபோது குளியலறையின் மேல் சன்னல் இருண்டிருந்தது. கண்ணாடி முழுக்க அவை.

மகேஸ்வரனுக்குப் படம் அனுப்பினாள். நாலைந்தைப் பிடித்து வைக்கச் சொல்லிப் பதில் வந்தது. சன்னலைத் திறக்க அவள் கை நகரவில்லை.

பிறகு துணிந்து வாசலுக்கு ஓடி, கூண்டை உள்ளே எடுத்துவந்து, கதவைச் சாத்தி, பையைக் கத்தரியால் பிளந்தாள். உள்ளே பட்டு விரித்த வெறும் குழி. பெண் இல்லை. பட்டோடு சேர்த்துப் பின்னியிருந்தது ஒரு நீண்ட தலைமயிர். பாதி நரைத்தது.

அவளுடையது.

விடிந்தபோது கஃப்தானின் கை மெத்தையோடு ஒட்டியிருந்தது. பிடுங்கினாள். வெள்ளை இழைகள் இழுபட்டு அறுந்தன. கீழுதட்டில் ஏதோ உறுத்தியது. விரலால் பிடித்து இழுத்தாள். நூல். வந்தது. இன்னும் வந்தது. வலிக்கவில்லை. இழுக்க இழுக்க உள்ளே எங்கோ இளகிக்கொடுத்து, ஈரமாக, இதமாக வந்துகொண்டிருந்தது.

வாயில் ஒரு சுவை. துணியின் சுவை.

திரைச்சீலையின் ஓரத்தைப் பார்த்தாள். கடிபட்டிருந்தது. பிறை பிறையாக. பெட்டியில் அடுக்கியிருந்த புடவைகளும் அப்படியே. ரேமண்ட் விட்டுப்போன சட்டைகளும். அப்போதும் அவள் தாடை அசைந்துகொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தாள்.

பெட்டியை மூட வேண்டும். செருப்பைப் போட வேண்டும். கதவு. கதவு வரை போனால் போதும்.

கதவு தூரத்தில் இருந்தது. சுவர் பக்கத்தில் இருந்தது. சுவரில் ஏறுவது சுலபமாக இருந்தது.

கார் நின்றது. கிரில் கதவு திறந்தது.

"கிறிஸ், ரெடியா? லேட்டானா செகண்ட் லிங்க் பாலத்துல ஜாம் ஆகிடும் லா."

ரெடி என்றாள். சத்தம் வரவில்லை. கையை நீட்டினாள். கை எங்கே என்று தெரியவில்லை.

ஒரு சின்ன இடுக்கு வழியே அவன் தெரிந்தான். மேலிருந்து. முடி உதிர்ந்த உச்சந்தலை. அவன் அறை அறையாகப் போய்க் கூப்பிட்டான். போனில் அழைத்தான். மேசையில் அவள் போன் அடித்து ஓய்ந்தது. அவன் கூடத்தின் நடுவில் வந்து நின்று, மூக்கைப் பொத்தி, மெல்ல நிமிர்ந்தான்.

நேராக அவளைப் பார்த்தான். வெகுநேரம். பையில் ஒட்டியிருந்த தன் சட்டைத் துண்டுகளைப் பார்த்தான், புடவைக் கரைகளைப் பார்த்தான்.

"அலமாக்," என்று அதிர்ந்துபோய் முணுமுணுத்தான். "இதை வளக்கத்தான் என்கூட வரமாட்டேன்னியா?"

அவன் குரல் உடைந்திருந்தது. அவள் முழு உடலாலும் அசைந்தாள். பை லேசாக ஆடியது. அவன் பின்வாங்கினான்.

அவன் திறந்து வைத்த கதவு வழியே, புகையோடு புகையாக, அவை உள்ளே வந்தன. அவன் தலைக்கு மேலே பறந்தன. அவன் கைகளை வீசிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கிறிஸ், கிறிஸ் என்று வீட்டின் பின்பக்கம் பார்த்துக் கத்தினான். இடுக்கில் வெளிச்சம் மங்கியது.

பையின் கீழ்வாயில் முதல் பூச்சி வந்து அமர்ந்து, தன் வயிற்றை நீட்டி, உள்ளே தேடத் தொடங்கியது.