ஒரு சக்கரம் மட்டும் புகைந்தது

கேட்டது எது, நானாகச் சேர்த்துக்கொண்டது எது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. கார் கறுப்பா, கரும்பச்சையா... அதுகூட நிச்சயமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், ஆனி மாதம், வடகரப்பதி கிராமம். மழை வந்தது. அது மட்டும் நிச்சயம்.

அந்தச் சாயங்காலம் பழைய வாடகைக் கார் ஒன்று இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், பாவாயி வீட்டு வேலியைச் சாய்த்துவிட்டு நின்றது.

"ஏனுங்க... இன்னைக்கும் எங்க எருமைதான் குறுக்க வந்துதுங்களா?"

டிரைவர் சென்னியப்பன் திரும்பினான். கட்டுத்தறியில் எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பாவாயி. கோபத்தில் அகன்ற கண்கள்... மலைமேல் திரண்டிருந்த மேகம் முழுவதும் அவற்றுக்குள் இறங்கியிருப்பதாக அவனுக்குப் பட்டது.

போன வாரமும் அவன் இதே வேலியில்தான் மோதினான். அன்று பாவாயி தோட்டத்தில் இருந்தாள், எதையும் பார்க்கவில்லை. பிரேக் சரியில்லை, தப்பு டிரைவருடையது என்று ஆகிவிட்டால் முதலாளி அவனை நிறுத்திவிடுவார். அதனால் எருமைமேல் பழி போட்டான். அதை நம்பிய அவள் அப்பா குப்பண்ணன், மறுநாள் சந்தையில் எருமையை விற்பதாக இருந்தார்.

"பிரேக்கெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ரோடுதான் வழுக்குது."

"ரோடு காஞ்சு கெடக்குது. ஒரு சொட்டு மழை உழுகல!"

சொல்லி முடிக்கவில்லை... மழை விழுந்தது.

அவன் முகத்தை மறைக்கச் சக்கரத்தருகே குனிந்தான். பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் உள்ள கார் அது. இடது சக்கரத்தின் இரும்பு வட்டின்மேல் துளிகள் பட்டதும் ஸ்ஸ்... என்று ஆவி எழுந்தது.

"சாமீ... நெருப்பே இல்லாமயா!" பாவாயி கோபத்தை மறந்து மறுபக்கம் ஓடினாள். "இங்க புகையே காணமுங்க!"

வலது சக்கரத்தில் மழை சும்மா வழிந்தது. தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. பிடிக்கிற பிரேக் சூடாகும்... அப்படியானால் இது பிடிக்கவே இல்லை. இடது மட்டும் பிடிக்க, கார் இடப்பக்கமே இழுத்திருக்கிறது.

 வானமே இறங்கிவந்து ஒரு சக்கரத்தைத் தொட்டுக் காட்டியதுபோல்... இருவரும் நெடுநேரம் நனைந்துகொண்டே நின்றார்கள்.

வலது சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் பட்டை முழுக்க மசகு.

"இத்தன வண்டி மையா! ஆரு போட்டது?"

"நாந்தானுங்க... இந்தச் சக்கரம் கீச்சுனு சத்தம் போட்டுதுன்னு... எங்கூட்டு மாட்டு வண்டி அச்சுக்குப் போடற மாதிரி... நெறைய போட்டா நல்லா ஓடும்னு..."

அவள் சிரித்துவிட்டாள். "ஓடுனாப் போதுமா? நிக்கோணுமில்லீங்க!"

கையில் கயிற்றுடன் குப்பண்ணன் வந்தார். "இன்னைக்குமா? இந்த எருமைய நாளைக்கே தொலைச்சரணும்!"

சென்னியப்பன் பாவாயியைப் பார்த்தான்.  அவளும் அவனையே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பொய் சொன்னால் வேலை மிஞ்சும்... அந்தக் கண்கள்?

"எருமைமேல தப்பில்லீங்க மாமா. மை போட்டுப் பிரேக்கக் கெடுத்தது நானு. பொய் சொன்னதும் நானு. வேலை போனாப் போகட்டுங்க."

"மாமனா? எந்த மொறையிலப்பா?"

அவனுக்குக் காது சுட்டது. "உங்க பொண்ணுக்குச் சம்மதம்னா... அந்த மொறையிலதானுங்க."

"மொதல்ல வேலியக் கட்டச் சொல்லுங்கப்பா," என்றாள் பாவாயி, தரையைப் பார்த்தபடி. "அப்பறமாச் சம்மதம்."

முதலாளி வேறு டிரைவரை வைத்துக்கொண்டார். எருமை விற்கப்படவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. சென்னியப்பன் எலப்புள்ளியில் கார் பழுதுபார்க்கும் கொட்டகை போட்டான். பாவாயி நான்கு பிள்ளைகளைப் பெற்றாள். மூத்தவன் பிறந்த வருடம் குப்பண்ணன் காலமானார்.